எட்டுப் பக்கம் உள்ளே, எட்டுப் பக்கம் வெளியே

முன்னால மூணாவது சீட்டுல நீலச் சட்டை போட்டு ஒருத்தர் உக்காந்திருக்காரு பாருங்க, அவரு இந்தப் பக்கம் திரும்பினா எனக்குச் சொல்லுங்கம்மா. சண்டை சச்சரவெல்லாம் ஒண்ணுமில்ல. எங்க அச்சாபீஸ் ஆளு மாதிரி தெரியுது. பின்மண்டையப் பாத்து எப்படிச் சொல்றேன்னு கேப்பீங்க. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சும்மாவா சொன்னாங்க.

நீங்க மதுரை வரைக்குமா? நல்லதாப் போச்சு. நான் திருநகர்ல எறங்கணும். திருநகர் வழியாப் போற வண்டியா இல்லையோன்னு காலையில ரெண்டு வண்டிய விட்டுட்டு இதுல ஏறினேன். அந்த ரெண்டும் திருநகர் வழியாப் போற வண்டிதான், போர்டுலயே எழுதியிருந்துச்சு. அதை விடுங்க. இந்தக் கையத் தொட்டுப் பாருங்க. மாசி வெயில்ல, எஞ்சின் சூட்டுல, கை மட்டும் ஜில்லுன்னு இருக்கா? விடியக்காலம் எந்திரிச்சதுல இருந்து இப்படித்தான்.

உங்கள ஒண்ணு கேக்கட்டுமா? பாத்தா படிச்சவுக மாதிரி தெரியுறீங்க. ஒரு விளையாட்டு வேடிக்கையா இருக்கா, இல்ல வீண் சிக்கலா இருக்கான்னு எதை வெச்சுச் சொல்றது? தாயம், பரமபதம் மாதிரி இல்ல. இது ஆகாச விளையாட்டு. ஒரு பெட்டி நிறைய சாமான். கோளு, கப்பலு, சிவப்பு நீலம் பச்சைன்னு எரிபொருள் வில்லை. நாலு பேரு சுத்தி உக்காந்து ஆகாசத்தையே பங்கு போடணும். யோசிச்சு, பேசி, தேவைப்பட்டா சண்டை போட்டு. ஏழு சூரியன்னு பேரு. அது வீண் சிக்கல்னு சொன்னது நான்தான். என் வாயால, எல்லாரு முன்னாடியும் சொன்னேன். நான் பொய் சொல்லலம்மா. அன்னிக்கு அது சிக்கலாத்தான் இருந்துச்சு.

என் பேரு அன்னபாக்கியம். சிவகாசியில ஒரு அச்சாபீஸ்ல, பைண்டிங் பகுதிக்கு சூப்பர்வைசர். முப்பத்திரண்டு வருஷ சர்வீசு. எனக்குக் கீழ அம்பது பொம்பளைக.

இந்த விளையாட்டைச் செஞ்சவ ஒரு பொண்ணு. அங்கயற்கண்ணின்னு பேரு, அங்கை அங்கைன்னு கூப்பிடுவோம். திருநகர்க்காரி. இருபத்தெட்டு வயசிருக்கும். பெங்களூர்ல பாத்துட்டிருந்த கம்ப்யூட்டர் வேலைய விட்டுட்டு ரெண்டு வருஷமா இதே சோறு, இதே தண்ணின்னு கிடந்திருக்கா. இந்தப் பொங்கலுக்குள்ள இது அச்சுக்குப் போகலைன்னா பேசாம பழைய வேலைக்குப் போயிரணும்னு வீட்ல சொல்லிட்டாங்களாம். டீ குடிக்கிறப்ப அவளே எங்கிட்ட சொன்னா. சொல்லிட்டுச் சிரிச்சா. சிரிக்கிற விஷயமா அது? அவ அப்படித்தான்.

எங்க முதலாளிக்கு ரொம்ப நாளா விளையாட்டுப் பெட்டி அடிக்கணும்னு ஆசை. எல்லாரும் போன்லயே தேதி பாக்க ஆரம்பிச்சப்புறம் காலண்டரை மட்டும் நம்பி எப்படி இருக்க முடியும்? அவுக ஒரு யோசனை சொன்னாக. "முதல்ல மாதிரிக்கு நாப்பது பெட்டி அடிப்போம்மா. நாப்பது இடத்துல குடுத்து விளையாடச் சொல்லுவோம். உள்ள ஒரு தாளு வெப்போம். வேடிக்கையா, வீண் சிக்கலா, டிக் போட்டுத் திருப்பிக் குடுங்கன்னு. பாதிக்கு மேல வேடிக்கைன்னு வந்தா அஞ்சாயிரம் பெட்டி அடிக்கிறேன். வரலைன்னா என்னைக் கோவிச்சுக்கக் கூடாது"ன்னு சொன்னாக. நியாயந்தானே? அவளும் சரின்னா. ஆனா ஒரு நிபந்தனை போட்டா. விளையாடுற இடத்துல தான் வாயத் தொறக்க மாட்டேன், ஒரு விளக்கமும் சொல்ல மாட்டேன்னு. செஞ்சவ பக்கத்துல நின்னு விளக்கிட்டே இருந்தா எந்த விளையாட்டும் நல்லாத்தான் தெரியுமாம். பெட்டிக்குள்ள இருக்கிற புத்தகம் மட்டுந்தான் பேசணுமாம்.

அந்தப் புத்தகத்துலதான் வந்துச்சு வினை.

பதினாறு பக்கம். ரெண்டு பாரம். பாரம்னா உங்களுக்குத் தெரியாதுல்ல, பெரிய தாள்ல எட்டெட்டுப் பக்கமா அடிச்சு மடிச்சு வெக்கிறது. ரெண்டு தோசைய மடிச்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணச் சொருகின மாதிரி, ஒரு பாரம் வெளிய, ஒரு பாரம் அதுக்கு உள்ள. நடு முதுகுல ரெண்டு பின்னு. மேல தனியா கெட்டி அட்டை. வெளிப்பாரத்துல முதல் நாலு பக்கமும் கடைசி நாலு பக்கமும் இருக்கும். நடுவுல உள்ள எட்டும் உள்பாரம். அவ்வளவுதான். சின்னப்புள்ளைகூடச் செய்யும்.

நான் மாத்தி வெச்சுட்டேன்.

மெதுவாப் பேசுறேனா? அந்த நீலச் சட்டை திரும்பலையே? சரி.

கார்த்திகை மாசம்மா அது. சிவகாசியில கார்த்திகைன்னா உங்களுக்குத் தெரியாது. ஊரே தேதித்தாளுக்குள்ள முங்கிக் கிடக்கும். அந்தப் பக்கம் காலண்டர் லாரி நிக்குது, டிரைவர் ஆரன் அடிக்கிறான், இந்தப் பக்கம் ஒருத்தி அன்னமக்கா அன்னமக்கான்னு கத்துறா. அதுக்கு நடுவுல இந்த நாப்பது புத்தகம். எங்க ஊர்ல எதுலயும் படம் உள்ளதுதான் முதல்ல. காலண்டர்ல சாமி மேல, தேதி கீழ. கல்யாணப் பத்திரிகையில பிள்ளையார் மேல, மாப்பிள்ளை கீழ. முப்பத்திரண்டு வருஷமா என் கை அப்படித்தான் போகுது. ஒரு பாரத்துல முதல் பக்கம் முழுக்க ராக்கெட்டு, நெருப்பைக் கக்கிக்கிட்டு. இன்னொண்ணுல முதல் பக்கம் வெறும் எழுத்து. எது வெளியன்னு கையி முடிவு பண்ணிருச்சு, நான் பண்ணல. நான் ஒண்ணு மாதிரிக்கு வெச்சுக் குடுத்தேன். மீதி முப்பத்தொன்பதையும் புள்ளைக அதைப் பாத்து வெச்சாங்க. பின்னடிச்சு, பெட்டியில போட்டு, கண்ணாடித்தாள் ஒட்டியாச்சு.

அவமேலயும் தப்பு இருக்கும்மா. பக்கத்துக்கு நம்பர் போடல. அழகுக்காம். நம்பருக்குப் பதிலா மூலையில குட்டிக் குட்டி நட்சத்திரம். ஒண்ணாம் பக்கத்துக்கு ஒரு நட்சத்திரம், அஞ்சாம் பக்கத்துக்கு அஞ்சு. பதிமூணு நட்சத்திரத்தை எவ எண்ணிட்டு உக்காந்திருப்பா? நம்பர் போட்டிருந்தா நான் இன்னிக்கு இந்த வண்டியில ஏறியிருக்க வேண்டியதில்ல.

நாப்பதுல ஒரு பெட்டிய எங்க அச்சாபீஸ்லயே விளையாடிப் பாக்கணும்னு முதலாளி சொன்னாக. மார்கழியில ஒரு மத்தியானம், சாப்பாட்டு ரூம்ல. நான், சங்கரேஸ்வரி, இன்னும் ரெண்டு புள்ளைக. அங்கை உள்ள வரல. அவ மூஞ்சியப் பாத்தே நாங்க கண்டுபிடிச்சிருவோமாம். அதனால எதுத்தாப்புல போர்மேன் கண்ணாடி ரூமுக்குள்ள உக்காந்துக்கிட்டா. எங்களப் பாக்கலாம், மிசின் சத்தத்துல நாங்க பேசுறது கேக்காது. கையில ஒரு நோட்டு. நான் நிமிந்தப்பல்லாம் அவ என்னைத்தான் பாத்துட்டு இருந்தா.

சங்கரேஸ்வரி பன்னெண்டாவது வரைக்கும் படிச்சவ. அவதான் சத்தமாப் படிச்சா. "போர். தோற்றவர் தன் எரிபொருளில் பாதியை நடுவில் வைக்க வேண்டும்." எடுத்த எடுப்புலயே போரு. எரிபொருளு யாருகிட்ட இருக்கு? யாருகிட்டயும் இல்ல. சரி, இல்லாததுல பாதியும் இல்லாததுதானேன்னு வெச்சுக்கிட்டோம். நாலு பக்கம் போரே நடந்துச்சு. திருப்பினா, "வணக்கம், முதலில் ஆளுக்கு மூன்று எரிபொருள் எடுத்துக்கொள்ளுங்கள்"ங்குது. அடிச்சு முடிச்சப்புறம் வணக்கமா? அதுக்கு அடுத்து, "ஆட்டம் முடிந்தது, வென்றவர் சூரியனை எடுத்துக்கொள்ளலாம்." அதுக்கும் அடுத்து, "இப்போது பயணத்தைத் தொடரலாம்."

சிரிக்காதீங்கம்மா. நீங்க சிரிக்கிறீங்க, அங்க ஒருத்தி சிரிக்கல. நாலு பேரும் நெத்தியச் சுருக்கிக்கிட்டு உக்காந்திருக்கோம். பக்கம் மாறியிருக்குமோன்னு ஒருத்திக்குத் தோணல பாருங்க. அச்சாபீஸ்ல எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே அதுதான். தாள்ல என்ன எழுதியிருக்குன்னு பாக்காத, தாளு நேரா இருக்கான்னு பாரு. சங்கரேஸ்வரி சொல்றா, "படிச்ச பொண்ணு எழுதியிருக்கு, நம்ம மண்டைக்குத்தான் ஏறல அக்கா"ன்னு.

அப்பத்தான் என் கண்ணு மூலைக்குப் போச்சு. முதல் பக்கத்துல அஞ்சு நட்சத்திரம். மறுபடியும் எண்ணினேன். அஞ்சு. கண்ண மூடித் தொறந்து எண்ணினேன். காது அடைச்சிருச்சு. எந்திரிச்சு ஓடிரலாமான்னு இருந்துச்சு.

சொல்லியிருக்கலாமே, "ஏ புள்ளைகளா, பாரம் மாறிப்போச்சு, நிறுத்துங்க"ன்னு ஒரு வார்த்தைதானேன்னு நீங்க கேப்பீங்க. ஆணியப் பத்தித் தெரிஞ்சா கேக்க மாட்டீங்க.

எங்க பைண்டிங் வாசல்ல, கைரேகை வெக்கிற மிசினுக்குப் பக்கத்துல, ஒரு ஆணி இருக்கு. தப்பா அடுக்கின புத்தகத்தை அதுல மாட்டி, கீழ அடுக்கினவ பேரை மார்க்கர்ல எழுதி வெப்போம். ஒரு வாரம் தொங்கும். வர்றவ போறவ எல்லாம் அதைப் பாத்துட்டுத்தான் ரேகை வெக்கணும். போன வருஷம் செல்வக்கனின்னு ஒருத்தி, டைரியில மே மாசத்துக்கு அப்புறம் ஜூலைய வெச்சுட்டா. ஜூனே இல்லாத டைரி. மாட்டினோம். முதல் நாள் தலையக் குனிஞ்சுக்கிட்டு வந்தா. மறுநாள் முந்தானையால மூஞ்சிய மூடிக்கிட்டு வந்தா. மூணாம் நாள் வரல. இப்ப தீப்பெட்டி ஆபீசுக்குப் போறாளாம். பஜார்ல என்னைப் பாத்தா அந்தப் பக்கம் திரும்பிக்கிடுவா.

மாட்டினது யாரா? நான்தான். ஆணிய அடிச்சதும் நான்தான். முதலாளி வேண்டாம்னுதான் சொன்னாக. ஒழுங்குன்னு ஒண்ணு வேணாமாம்மா? கண்டிப்பு இல்லாம அம்பது பொம்பளைகளக் கட்டி மேய்க்க முடியுமா? ஆனா அன்னிக்கு அந்த அஞ்சு நட்சத்திரத்தைப் பாத்தப்ப, அன்னபாக்கியம்னு மார்க்கர்ல எழுதித் தொங்குறது கண்ணு முன்னாடி வந்துச்சு. என் பேரு நீளம் வேற.

விளையாடி முடிச்சோம். முடிச்சோமா, அதுவா முடிஞ்சுச்சான்னு தெரியல. முதலாளி வந்தாக. அங்கையும் வந்து கதவோரமா நின்னா. முதலாளி என்னைத்தான் கேட்டாக. "அன்னம், நீ சொல்லு. வேடிக்கையா, வீண் சிக்கலா?"

அங்கை என்னையே பாக்குறா. "சிக்கல்தான் முதலாளி"ன்னுட்டேன். அதோட விட்டேனா? பயந்தவளுக்கு வாயி நிக்காது. "தேவையில்லாத சிக்கல். தலையும் புரியல வாலும் புரியல. இதையெல்லாம் காசு குடுத்து எவன் வாங்குவான்?"னு சேத்துச் சொன்னேன். அவ அதை நோட்டுல எழுதினா. எழுதி முடிச்சுட்டு, "ரொம்ப நன்றிக்கா, மூஞ்சிக்கு நேரா யாரும் சொல்ல மாட்டாங்க"ன்னா. நான் பொய் சொல்லலம்மா. சிக்கலாத்தான இருந்துச்சு?

திருத்தங்கல்ல ஏறினாரே அந்த வெள்ளை வேட்டி, அவரும் எங்க ஊரு ஆளா இருக்குமோ? இல்ல... சரி, விடுங்க.

நாப்பது தாளும் திரும்பி வந்துச்சு. முப்பத்தாறுல சிக்கல். மூணுல ஒண்ணுமே எழுதல. ஒண்ணே ஒண்ணுல வேடிக்கைன்னு டிக் இருந்துச்சு. யாரோ புண்ணியவான், புத்தகத்தைப் பிரிக்காமலே போட்டிருப்பான். சிக்கல்னு போட்டவுகள்ல ஒரு வாத்தியாரு, "புத்தகம் முன்னுக்குப் பின் முரணாக இருக்கிறது"ன்னு எழுதியிருந்தாரு. முதலாளி அதை எங்கிட்டயே வாசிச்சுக் காட்டினாக. போச்சுடா, கண்டுபிடிச்சுட்டாகன்னு நிக்கிறேன். அவுக, "பாத்தியா அன்னம், நீ சொன்னதையே வாத்தியாரும் சொல்றாரு"ன்னுட்டு மடிச்சு வெச்சுட்டாக.

அச்சு இல்லைன்னு அங்கைக்குச் சொல்லியாச்சு. பொங்கலும் போச்சு.

அப்புறம் எனக்கு நிம்மதியாத்தானே இருக்கணும்? ஆணி காலியா இருக்கு, யாருக்கும் தெரியல. ஆனா யாராவது "அன்னமக்கா"ன்னு கூப்பிட்டா நெஞ்சு தூக்கிப் போடும். போர்மேன் சிரிச்சா, என்னையப் பாத்தா சிரிக்கிறான்னு இருக்கும். கடைசியில ஒரு யோசனை பண்ணேன். சாப்பாட்டு ரூம்ல கிடந்த அந்தப் பெட்டிய வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். புத்தகத்துல பின்ன எடுத்தேன், பாரத்தைச் சரியா மாத்திச் சொருகினேன், மறுபடி பின்னடிச்சேன். எதுக்கு? நேரா வெச்சாலும் அது சிக்கலாத்தான் இருக்கும், நல்லா இருக்கவே இருக்காதுன்னு எனக்குத் தெரிஞ்சுக்கணும். அப்படி மட்டும் இருந்துட்டா நான் சொன்னது நெசமாயிரும்ல? முருகா முருகா, இது நல்லா இல்லாம இருக்கணும்னு வேண்டிக்கிட்டுத்தான் உக்காந்தேன். ஞாயித்துக்கிழமை பகல், நானும், எங்க மதினியும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக ரெண்டு பேரும்.

எப்படிச் சொல்ல உங்களுக்கு... ஆரம்பமே பேச்சுதாம்மா. ஆளுக்கு ஒரே நிறத்துல மூணு வில்லை. கப்பலு கிளம்ப ரெண்டு நிறம் வேணும். அப்ப பக்கத்துல இருக்கவகிட்டப் பேசித்தானே ஆகணும்? எனக்கு ஒரு நீலம் குடு, நான் ஒரு சிவப்புத் தரேன். எங்க மதினி வாயில்லாப் பூச்சின்னு இருபது வருஷமா நெனச்சிட்டு இருந்தேன். அவ எங்கிட்ட ஒரு நீலத்தைக் குடுத்துட்டு, அதுக்கு ரெண்டு சிவப்பை வாங்கி, அந்தச் சிவப்புல ஒண்ணை அந்தப் பிள்ளைககிட்டக் குடுத்துப் பச்சை வாங்கி, ரெண்டு கப்பலைக் கிளப்பி என் கோளுக்கே வந்து நிக்கிறா. நிக்கிறது மட்டுமா, "மதினி, ஒரு காப்பி போடுங்க, வந்தவள வரவேற்க மாட்டீங்களா"ங்குறா. விழுந்து விழுந்து சிரிச்சோம். உலையில அரிசி போட மறந்து தண்ணியெல்லாம் வத்திப் போச்சு. அந்தப் போரு வந்து பாருங்க, அது எப்பவாச்சும் ஒரு தடவை, வேற வழியே இல்லாதப்ப வர்றது. அது வர்றப்ப எல்லாரும் மூச்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம். எல்லாம் ஒண்ணுக்கொண்ணு கோத்து இருக்கு. ஒரு சிக்கலும் இல்ல. ஒரு இடம், ஒரே ஒரு இடம் சிக்கலா இருந்திருக்கக் கூடாதா?

"இன்னொரு தடவை ஆடுவோமா மதினி"ன்னு அவ கேட்டப்ப, எனக்கு அழுகை வந்துருச்சு. கொல்லைப்பக்கம் போய்ட்டேன். ஒருத்தி ரெண்டு வருஷம் உக்காந்து செஞ்சதை, நல்லா இருக்கிறதை, நல்லா இல்லைன்னு சொல்லிட்டேனே. அதுக்கு அப்புறந்தான் பயம் நெசமாவே வந்துச்சு. அதுவரைக்கும் வந்ததெல்லாம் ஆணி பயம்.

விருதுநகர் தாண்டியாச்சா? நீலச் சட்டை எறங்கிட்டாரா? ஐய, யாரோ. மீசையே வேற மாதிரி இருக்கு.

போன வாரம் அங்கை போன் பண்ணா. "அக்கா, முதலாளி ஒரு கல்யாணத்துக்கு மதுரை வர்றாங்க. பன்னெண்டு மணிக்கு எங்க வீட்டுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போகணும்னு கெஞ்சி ஒத்துக்க வெச்சிருக்கேன். இதான் கடைசி. அவங்க வேண்டாம்னா நான் அடுத்த வாரம் பெங்களூர் கிளம்பிடுவேன். அதுக்கு முன்னாடி நீங்க ஒருதடவை வந்து விளையாடிப் பாத்துச் சொல்லணும்"னா. "நான் எதுக்கு தாயி, எனக்கு என்ன தெரியும்"னேன். "உங்களுக்குத்தாங்க்கா தெரியும்"னா. பாருங்க, எவ்வளவு நம்பிக்கை எம்மேல. அந்த வார்த்தையக் கேட்டதுல இருந்து ராத்திரி தூக்கம் இல்ல.

விளையாட்டைச் சுருக்கிட்டேன்னு சொல்லுவாளோ, மாத்திட்டேன்னு சொல்லுவாளோ, அதுதான் என் பயம். நான் சொன்னதைக் கேட்டு நல்லா இருந்த இடத்தையெல்லாம் வெட்டியிருப்பா. அதையும் முதலாளி பாத்துட்டு உதட்டைப் பிதுக்குவாக. அதுக்குத்தான் இதைக் கொண்டு வந்திருக்கேன், இந்தா, பைக்குள்ள இருக்கு பாருங்க. நான் நேராக்கின புத்தகம். அவ காப்பி போட உள்ள போறப்ப, மேசை மேல மறந்த மாதிரி வெச்சிரலாம்னு ஒரு யோசனை. யாரு வெச்சதுன்னு கேட்டா எனக்குத் தெரியாது. இல்லைன்னா... நீங்க மதுரைக்குத்தானே போறீங்க? ஒரு கவர்ல போட்டு, அவ விலாசம் எழுதித் தரேன், தபால்ல சேத்துர்றீங்களா? அனுப்பினவுக பேரு போட வேணாம்.

சரி சரி, வேணாம். நீங்க அப்படிப் பாக்காதீங்க. தபால் போய்ச் சேர்றதுக்குள்ள முதலாளி வந்துட்டுப் போயிருவாக, எனக்கும் தெரியும்.

போன் அடிக்குது. அவதான். எடுக்கவா? வேணாம், அடிக்கட்டும்... நின்னிருச்சு. ஐயோ, மறுபடியும்.

ஹலோ... ஆமா தாயி, வந்துட்டே இருக்கேன்... திருமங்கலம் தாண்டியாச்சு... இல்ல, சாப்பிடல... என்னது?... ஆங், அது எப்பவும் சாவிக்கொத்துலயே இருக்கும்... எத்தனைன்னு சொன்ன?... நாப்பதுமா?... சரி... சரி தாயி.

வெச்சுட்டா.

என்ன சொன்னா தெரியுமா? "வரப்ப பின்னு நெம்புற கம்பிய எடுத்துட்டு வந்தீங்களாக்கா"ன்னு கேக்குறா. "நாப்பதுல உங்க ஆபீஸ் பெட்டி ஒண்ணு தவிர எல்லாம் எங்கிட்ட திரும்பி வந்திருச்சு, அந்த ஒண்ணையும் நீங்க கொண்டு வந்தா நாப்பதும் ஆச்சு"ங்குறா. காலையில இருந்து எல்லாப் புத்தகத்தையும் எடுத்து அடுக்கி வெச்சிருக்காளாம். "எனக்குப் பின்னு எடுக்கத் தெரியலக்கா, தாளு கிழியுது. நீங்க வந்து உக்காந்தா பன்னெண்டு மணிக்குள்ள மாத்திரலாம். அதுல ஒரு பெட்டியப் பிரிச்சு முதலாளியவே விளையாட வெச்சிரலாம்"ங்குறா.

எதுக்குப் பின்ன எடுக்கணும்? பின்னு துரு பிடிச்சிருக்குமோ? அட்டை ஏதும் கிழிஞ்சு...

ஏம்மா, என்ன, ஏன் அப்படிப் பாக்குறீங்க?

மாத்திரலாம்னு சொன்னா. ஆமா. மாத்திரலாம்னுதான் சொன்னா.

தெரிஞ்சிருக்கு. அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்மா. பெட்டி திரும்பி வந்தப்பவே பிரிச்சுப் பாத்திருப்பா. நட்சத்திரம் வரைஞ்சவளுக்கு எண்ண எத்தனை நேரம் ஆகும்? போன வாரம் போன் பண்ணப்பவே தெரிஞ்சிருக்கு. உங்களுக்குத்தான் தெரியும்னு சொன்னாளே, அதைப் போயி நம்பிக்கைன்னு நெனச்சேனே, பாவி.

முதலாளிக்கு ஒரு போன் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். உங்க அன்னபாக்கியம் பண்ண வேலையப் பாருங்கன்னு ஒரு வார்த்தை. அவ போடல. இப்பக்கூட நீங்க தப்பா வெச்சுட்டீங்கன்னு சொல்லல. திட்டல. கத்தல. "சாப்பிடாம வாங்கக்கா, இட்லி ஊத்தி வெச்சிருக்கேன்"ங்குறா. செல்வக்கனிய நான் கூப்பிட்டு ஒரு டம்ளர் தண்ணி குடுத்தேனா?

இப்பத்தான் ரொம்பப் பயமா இருக்கும்மா. கண்டுபிடிச்சுருவாளோன்னு இருந்த பயம் போச்சு, இது வேற பயம். பன்னெண்டு மணிக்கு முதலாளி வருவாக. விளையாடுவாக. நல்லா இருக்குன்னு சொல்லுவாக, அது எனக்குத் தெரியும். அப்புறம் கண்ணாடியக் கழட்டிட்டுக் கேப்பாக, அதே பெட்டி, அதே புத்தகம், முப்பத்தாறு பேரு சிக்கல்னு சொன்னது இன்னிக்கு எப்படிம்மா நேராச்சுன்னு. அங்கை சொல்ல மாட்டா. அவ குரலக் கேட்டாலே தெரியுது, சொல்ல மாட்டா. என்னையும் பாக்காம வேற எங்கயாச்சும் பாத்துக்கிட்டு நிப்பா. அப்ப அந்த ரூம்ல மிச்சம் இருக்கிறது நான் ஒருத்திதானே?

தண்ணி பாட்டில் குடுங்க, ஒரு மடக்கு... போதும்.

இதுதான் திருநகரா? சிக்னல்ல நிக்குதா, ஸ்டாப்பா? கொஞ்சம் காலை நகத்திக்கங்கம்மா. கண்டக்டரே, விசில் அடிச்சிராதீங்க, ஆள் எறங்கணும்.